யோவ்

"யோவ், எழுவது வயசு ஆளை எதுக்குய்யா அவன் இவன்னு எழுதியிருக்குற?"

அரியாங்குப்பத்தில், பாலம் தாண்டியதும் இருக்கும் ஒரு டீக்கடையின் பெஞ்சில் வைத்து என்னிடம் இப்படிக் கேட்டவர் ஒரு சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, அங்கிருந்து வரும் பென்ஷனில் இங்கே வாழ்பவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் எழுதிய கதையை யாரோ அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகை அரியாங்குப்பம் டீக்கடை வரைக்கும் வரும் என்று எழுதுகிறபோது யார் நினைக்கிறார்கள்? கதையில் ஒரு படகுக்காரன் வருகிறான். அவனுக்கு எழுபது வயது. அதே வயதில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் வருகிறார். நான் இப்போது எழுதிய இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரிந்துவிடும். எட்டுப் பக்கக் கதையில் முதலாமவன் ‘வந்தான்’, இரண்டாமவர் ‘வந்தார்’. எழுதியபோது இது என் பிரக்ஞையில் இல்லை. புரூஃப் பார்த்தபோதும் இல்லை. பத்திரிகை ஆசிரியரும் நாலைந்து எழுத்தாள நண்பர்களும் படித்துக் கருத்துச் சொன்னார்கள். படிமம் பற்றிச் சொன்னார்கள், முடிவு பற்றிச் சொன்னார்கள். இதை யாரும் சொல்லவில்லை.

படகுக்காரன் கற்பனை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சொல்தா அப்படி நினைக்கவில்லை. "அது என் மச்சான்" என்றார்.

அன்று முழுக்க என்னை உறுத்தியது அவருடைய குற்றச்சாட்டைவிட அதை அவர் சொன்ன விதந்தான். மரியாதை கேட்டவர் என்னை ‘யோவ்’ என்றார். முன்பின் பழக்கமில்லாத என்னை. ‘எழுதியிருக்கிறீர்கள்’ இல்லை, ‘எழுதியிருக்குற’. ஆனால் அந்த ‘யோவ்’ எனக்கு வலிக்கவில்லை; என் ‘அவன்’ அவருக்கு வலித்திருக்கிறது. மரியாதைக் குறைவு என்ற ஒரே கூடையில் இரண்டையும் போட்டுவிட்டால் இது விளங்காது. இலக்கணம் இரண்டையும் ஒருமை என்றே சொல்லும். நம் விமர்சனமும் அதற்கு மேல் போனதில்லை. வட்டார வழக்கு, பேச்சு மொழி, யதார்த்தம் என்று மூன்று முத்திரைகளை வைத்துக்கொண்டு வருகிற உரையாடலுக்கெல்லாம் குத்தி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் ‘யோவ்’. ‘வாய்யா’, ‘போய்யா’ என்பவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘யா’ ஐயாவின் தேய்ந்த வால் என்பது வெளிப்படை. ‘யோவ்’ அதே ஐயா ஓங்கிய குரலில் கரடுமுரடாகத் திரும்பி வந்தது என்றே என் காதுக்குப் படுகிறது. அப்படியென்றால் இது விசித்திரமான சொல். உச்சியில் இருந்த மரியாதைச் சொல் ஒன்று படி இறங்கித் தெருவுக்கு வந்திருக்கிறது; ஆனால் ‘டா’ இருக்கும் இடம் வரைக்கும் இறங்கவில்லை. டா போடுவதற்கும் நீங்கள் போடுவதற்கும் நடுவே ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. சிறுவனை யாரும் யோவ் என்று கூப்பிடுவதில்லை. எதிரில் இருப்பவன் வளர்ந்த ஆண் என்ற அங்கீகாரம் அதில் உண்டு. அதட்டலும் உண்டு. போலீஸ்காரர் லாரி டிரைவரை யோவ் என்கிறார். மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண் பேரம் பேசிவிட்டு நகர்கிற என்னை யோவ் என்கிறாள். (இங்கேயும் பாருங்கள், ‘என்கிறாள்’. கை தானாகப் போகிறது.) எங்கள் பக்கத்தில் உழைத்துச் சாப்பிடும் வீடுகளில் மனைவி புருஷனை யோவ் என்று கூப்பிடுவதைக் கேட்கலாம். பெயர் சொல்லக் கூடாது, ‘ஏங்க’ என்று குழையவும் வராது என்ற நிலையில் அவர்கள் கண்டெடுத்த சொல் அது. நடுத்தர வர்க்கத்துக் கதைகளில் வரும் ‘ஏன்னா’, ‘என்னங்க’ இவற்றைவிட இதில் சமத்துவம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் புருஷன் அவளைத் திருப்பி யோவ் என்று கூப்பிட முடியாது. அவள் ‘டி’தான். யோவுக்குப் பெண்பால் கிடையாது.

பழைய சொல் ஒன்றுக்கு இந்தக் குறை இல்லை. தொல்காப்பியப் பொருளியலில் இருபாலுக்கும் பொதுவாக வரும் உரிமைச் சொல் பற்றி ஒரு சூத்திரம் இருக்கிறது. அங்கே குறிப்பிடப்படுவது ‘எல்லா’ என்ற விளி என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். கலித்தொகை உரையாடல்களில் அது வாழ்கிற சொல்லாகவே இருக்கிறது. அவன் அவளையும் அவள் அவனையும் தோழியையும் அதே சொல்லால் கூப்பிடலாம். அந்தச் சூத்திரத்தில் இந்த உரிமைக்கு வரும் பெயர்தான் முக்கியம்: கெழுதகை. குறளின் பழைமை அதிகாரத்திலும் இதே சொல் வருகிறது. கேட்காமலே நண்பன் எடுத்துக்கொள்ளும் சுவாதீனம் அது. அதை ஏற்பது நட்பின் ஓர் அங்கம் என்று அங்கே ஆகிறது. சொல்லிக்கொள்ளாமல் உள்ளே வந்து பானையைத் திறந்து பார்க்கிற உரிமை. திடீரென்று ஒருவன் நம்மிடம் சம்பிரதாயத்தை உதறுவதைக் குறிக்க நமக்கு இன்று இருக்கும் சொற்கள் என்ன? ‘எடுத்தெறிந்து பேசுகிறான்’, ‘வா போ என்கிறான்’, ‘ஒருமையில் விளித்தார்’ (இது செய்தித்தாள்). எல்லாம் புகார்ச் சொற்கள். அதே செயலைப் பாராட்டுகிற சொல் ஒன்று நம்மிடம் இருந்திருக்கிறது, அதைத் தொலைத்துவிட்டோம். இன்று கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் ‘டா’ போட்டுக்கொள்வதைப் பார்த்து மொழி கெட்டது என்று வருந்துகிறவர்கள் இந்த ‘எல்லா’வை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் இருக்கும் உயர்வுச் சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒதுக்கி வைக்கிறார். அவர் காலத்து இலக்கணப்படி ‘அவர்’ பலர். ஒரே ஆளை அவர் என்பது நாட்டு வழக்கு, பொறுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். புறநானூற்றுப் புலவன் அரசனைப் பார்த்து ‘நீ’ என்றான். பரிசில் வாங்கப் போனவன் அவன். பிற்காலத்தில் அந்த ‘அவர்’ போதாமல் ‘அவர்கள்’ வந்தது, ‘நீர்’ போதாமல் ‘நீங்கள்’ வந்தது. பன்மைக்கு மேல் பன்மை. மரியாதை ஏற ஏறக் கீழே இருப்பவனுக்கு மிஞ்சியது மட்டும் மாறவில்லை, ஆதியில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த அதே ‘அவன்’. ஆக, ‘அவன்’ என்ற சொல் இழிவுச் சொல்லாகப் பிறக்கவில்லை. மற்றவர்களெல்லாம் மாடி கட்டிக்கொண்டு போனதால் அது தரையாகிவிட்டது.

கடவுள் மட்டும் இன்னும் தரையில்தான் இருக்கிறார். அவரை நீங்கள் என்று வேண்டுகிறவர் தமிழில் யார்? சுந்தரர் கதை தெரிந்ததே. கல்யாணப் பந்தலில் வழக்காட வந்த கிழவரைப் பித்தன் என்று ஏசினார். அந்த ஏச்சையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார் ஏசப்பட்டவர். வன்தொண்டன் என்ற பட்டம் வேறு. புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையு’மில் இந்த மரபை எடுத்துக்கொண்டு ஒரு சின்னத் திருகு திருகுகிறார். பிள்ளை கடவுளை ‘நீ’ என்பதில்லை, ‘நீர்’ என்கிறார். பக்தியின் ஒருமையில் இருந்து கடவுளை நீக்கி, திருநெல்வேலிப் பிள்ளைமார் ஒருவர் இன்னொருவரிடம் பேசும் சமதளத்துக்குக் கொண்டுவருகிறார். கடவுளுக்கு அந்தக் கதையில் நேர்கிற முதல் அவமானமும் முதல் நட்பும் அந்த ‘நீர்’தான். இந்தக் கதையைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கிண்டல், தத்துவம் என்று. எனக்கு அதன் மையம் இந்த விளியில் இருக்கிறது.

சொல்தாவிடம் திரும்புகிறேன். அவரிடம் நான் தற்காப்பாகச் சொன்னேன்: நீங்கள் கூட என்னை யோவ் என்கிறீர்களே. அவர் சிரித்தார். "நீயும் சொல்லேன்யா. திருப்பிச் சொல்லலாம்னா சரிதான். அவன் உன் கதையில எங்க திருப்பிச் சொல்றான்?"

அவருடைய பிரெஞ்சு எனக்கு வராது. ஆனால் அவர் எந்த மொழியில் இருந்து இதைப் பேசுகிறார் என்று தெரியும். பிரெஞ்சில் ‘த்யூ’ இருக்கிறது, ‘வூ’ இருக்கிறது, நீ, நீங்கள். ‘த்யூ’ என்று கூப்பிடுவதற்கென்றே தனி வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு ‘டா போடுவது’ இருக்கிறது, ஆனால் அது ஆணுக்கு மட்டும். 1793இல் புரட்சிக்காரர்கள் எல்லாரும் எல்லாரையும் ‘த்யூ’ என்றே அழைக்க வேண்டும் என்று கன்வென்ஷன் சபையில் கேட்டார்கள். அதே ‘த்யூ’ கடல் கடந்து காலனிக்குப் போனபோது வெள்ளைக்காரன் கறுப்பனை மட்டும் அழைக்கிற சொல்லாயிற்று. 1960 ஜூன் 30இல் காங்கோ விடுதலை பெற்ற அன்று, பெல்ஜிய மன்னரை எதிரில் வைத்துக்கொண்டு லுமும்பா பேசிய பேச்சில் அடி, உதை, நிலப்பறிப்பு ஆகியவற்றுடன் இதையும் ஒரு குற்றமாகச் சேர்த்தார்: எங்களை ‘த்யூ’ என்றீர்கள், நண்பன் என்பதால் அல்ல, ‘வூ’ வெள்ளையருக்கு மட்டும் என்பதால். ஒரு பிரதிப்பெயர் தேச விடுதலைப் பேச்சில் இடம்பிடித்தது. பிரௌன், கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதே 1960இல்தான் ஐரோப்பிய மொழிகளின் நீ–நீங்களை ஆராய்ந்து, அதிகாரம், தோழமை என இரண்டு அச்சுகளில் அது சுழல்கிறது என்றார்கள். சொல்தா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதும் ஏறக்குறைய அதுதான். திருப்பிச் சொல்ல முடிந்தால் தோழமை.

ஆல்பர்ட் காம்யுவின் ‘அந்நியன்’ (வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியிட்டது, 1980) நம்மில் பலர் படித்த நாவல். அதில் பக்கத்து வீட்டு ரேமோன், மெர்சோவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்கிறான். எழுதி முடித்ததும் நண்பனே என்கிறான். அப்போதுதான் மெர்சோவுக்கு உறைக்கிறது, இவன் சற்று முன்பிருந்தே தன்னை ஒருமையில் பேசிக்கொண்டிருக்கிறான் என்று. மூலத்தில் இது ஒன்றிரண்டு வாக்கியம். ஆனால் நாவலின் முடிச்சு அங்கே விழுகிறது. அந்த ஒருமையை மறுக்காததுதான் மெர்சோ செய்த முதல் காரியம். கடைசியில் கடற்கரையில் துப்பாக்கி வெடிப்பதற்கு இந்தக் கடிதமே வழி வகுக்கிறது. திடீர் சுவாதீனம் ஓர் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட பிறகே நாம் அதைப் படித்துப் பார்க்கிறோம். தமிழில் இந்த இடம் மொழிபெயர்ப்பாளனுக்குச் சிக்கலானது. ஏனென்றால் தமிழ்நாட்டில் அடுத்த வீட்டு இளைஞர்கள் இருவரில் ஒருவன் ‘நீ’ என்று ஆரம்பித்தால் மற்றவன் அதைக் கவனிக்கத் தவறமாட்டான். நம் காது அந்த ஒரு விஷயத்தில் பயங்கரக் கூர்மை. ‘குட்டி இளவரச’னில் (ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் செய்தது) இதைவிடச் சிக்கலான ஓர் இடம் உண்டு. பாலைவனத்தில் அந்தச் சிறுவன் விமானியிடம் முதன்முதலாக வாய் திறக்கும் பிரெஞ்சு வாக்கியத்தின் முன்பாதி ‘வூ’, பின்பாதி ‘த்யூ’. ஒரே மூச்சில் அந்நியரிடம் பேசுவதுபோல் ஆரம்பித்து நெடுநாள் பழகியவனாக முடிக்கிறான். புத்தகம் முழுவதுமே அந்த அரைவாக்கிய தூரந்தான் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் ‘அந்நிய’னில் எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது ரேமோன் அல்ல. சுடப்பட்டவன். அவனுக்குப் பெயர் இல்லை. அவனை யாரும் ‘த்யூ’ என்றும் சொல்வதில்லை, ‘வூ’ என்றும் சொல்வதில்லை. அவன் வெறும் ‘அரபு’. முன்னிலையே மறுக்கப்பட்டவன். எழுபது ஆண்டு கழித்து, 2013இல், கமேல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் இதற்கு ஒரு நாவல் எழுதினார். செத்தவனுடைய தம்பி ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறான்: என் அண்ணனுக்குப் பெயர் உண்டு, மூசா. அதைப் படித்தபோது பிரமாதமான உத்தி என்று நினைத்துக்கொண்டேன். அரியாங்குப்பம் டீக்கடையில் என் கதைக்கும் அதே தம்பி வந்து உட்கார்ந்தபோது உத்தி என்று நினைக்கத் தோன்றவில்லை.

கோளாறு முன்னிலையில் இல்லை, படர்க்கையில் இருக்கிறது. ‘நீ’ என்றும் ‘டா’ என்றும் ‘யோவ்’ என்றும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் குறைந்தபட்சம் பதிலுக்கு இடம் வைக்கிறான். பதில் வராமல் இருப்பதற்குப் பயம் காரணமாக இருக்கலாம், வயிறு காரணமாக இருக்கலாம்; இடம் என்னவோ இருக்கிறது. கதைசொல்லியின் ‘அவன்’ முதுகுக்குப் பின்னால், வாசகனைப் பார்த்து, கண்சிமிட்டிச் சொல்லப்படுவது. நீயும் நானும் ‘அவர்’கள், இவன் ‘அவன்’, தெரியும்தானே என்பது. உரையாடலில் ஒரு மிராசுதார் கிழவனை டேய் என்றால் நாம் மிராசுதாரைத் திட்டுகிறோம். அதே பக்கத்தில் கதைசொல்லி அந்தக் கிழவனை ‘வந்தான், கும்பிட்டான்’ என்று எழுதுவது நம் கண்ணில் படுவதே இல்லை. நவீனத்துவம் பேசிய நாம் கதைசொல்லியின் கோணம், நம்பகம், நனவோடை என்று எத்தனை விவாதித்தோம்! வினைமுற்றின் கடைசி எழுத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு வரும் பதிலும் எனக்குத் தெரியும். மௌனியின் கதைகளிலும் ‘அவன்’தானே? ஆம். ஆனால் அந்த ‘அவன்’ வேறு. பெயரைக் களைந்து, ஊரைக் களைந்து, ஒரு மனதின் உள்ளே இறங்குவதற்காக எழுதப்படுகிற ‘அவன்’, ‘நான்’ என்பதன் மறுபெயர். அது தனக்குத்தானே எடுத்துக்கொண்ட கெழுதகை. பூமணியின் ‘பிறகு’ (1979) நாவலில் அழகிரியை ஊர்க்காரர்கள் ஒருமையில் அழைக்கிறார்கள். கதைசொல்லியின் ஒருமையும் அருகிலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றாக ஒலிக்கவில்லை. ஒன்று மேலே இருந்து வருகிறது, மற்றது பக்கத்தில் குந்தியிருந்தபடி வருகிறது. ஆக, சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்று பார்க்க வேண்டும். நான் என் கதையில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டிருந்தேன். படகுத்துறையில் நிற்பதாகப் பாவனை.

‘படகுக்காரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரன், வேலைக்காரி, பூக்காரி, பால்காரன். தொழிலோடு ஒருமையைச் சேர்த்துப் பொட்டலம் கட்டியாகிவிட்டது. பிரித்துக் கொடுக்க வழியில்லை. மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்பதில் ‘அர்’ பிறவியிலேயே உண்டு. படித்த உத்தியோகங்களுக்குப் பன்மையும் கைத்தொழில்களுக்கு ஒருமையும் அகராதியே பங்கு வைத்திருக்கிறது. சொல்தா மட்டும் இந்தப் பங்கீட்டில் அகப்படவில்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல், ‘அன்’னும் இல்லை ‘அர்’ரும் இல்லை. (1932 வாக்கில் பெரியார் ஸ்ரீ, ஸ்ரீமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் ‘தோழர்’ என்ற ஒரே சொல்லை எல்லாருக்கும் போடச் சொன்னார். அதிலும் ‘அர்’ தவிர்க்க முடியவில்லை. எல்லாரையும் மேலே தூக்கியாக வேண்டியிருந்தது.)

கதையைத் தொகுப்பில் சேர்ப்பதற்காகத் திருத்த உட்கார்ந்தேன். முதலில் எல்லா ‘ஆன்’களையும் ‘ஆர்’ ஆக்கினேன். படகுக்காரர் துடுப்பை எடுத்தார். படகுக்காரர் சேற்றில் இறங்கினார். இரண்டு பக்கத்துக்குள் மூச்சு முட்டியது. பிறகு பெயர் கொடுத்துப் பார்த்தேன். தமிழில் பெயர் காப்பாற்றாது; வினைமுற்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, படர்க்கையில் அவனுக்கு எல்லாக் கிழவனும் ஒன்று. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘தாத்தா சொல்லுச்சு’, ‘அம்மா வந்துச்சு’ என்ற ஒரு வழி இருக்கிறது. அஃறிணை முடிவு, ஆனால் கேட்கிறவர் யாரும் அஃறிணை என்று நினைப்பதில்லை, பிரியம் என்றுதான் நினைக்கிறார்கள். அவன், அவர் இரண்டில் இருந்தும் நழுவி ஓட மக்கள் கண்டுபிடித்த சந்து அது. அதில் முழுக் கதையையும் எழுதிப் பார்த்தேன். கதைசொல்லி ஏழு வயசுப் பையன் ஆகிவிட்டான்.

கடைசியில் அந்த ‘அவர்’ பிரதியையே எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் போனேன். சொல்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் பொறுமையாகப் படித்தார். மடித்துக் கொடுத்தார்.

"யோவ், இது யார்யா? தாசில்தார் படகு ஓட்டுற மாதிரி இருக்கு. என் மச்சான் இல்ல இவன்."

‘இவன்’ என்றதை அவர் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன், சுட்டிக்காட்டவில்லை. நீங்களே சொல்லுங்கள், எப்படித்தான் எழுதுவது என்று கேட்டேன். எழுதுகிறவன் நீதானே என்று சொல்லிவிட்டு இரண்டு டீக்கும் காசு கொடுத்தார். நான் பதிலுக்கு ஒரு யோவ் சொல்லிப் பார்த்திருக்கலாம். வாய் வரை வந்தது, ‘வரேங்க’ என்றுதான் வெளியே விழுந்தது. தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது. அந்தக் கதை அதில் இல்லை.